ஒலியும் கையும்: உக்குலேலே இசையின் எழுத்துமுறைகள் பற்றி ஒரு விமர்சன நோக்கு

இசையை எழுத்தில் வடிக்க முற்படும் எவரும் முதலில் ஒரு தெரிவினைச் செய்யவேண்டியவராகின்றனர். ஒலிக்கவேண்டிய சுரத்தை எழுதுவதா, அன்றி அச்சுரத்தைப் பிறப்பிக்கும் பொருட்டுக் கை செய்யவேண்டிய தொழிலை எழுதுவதா என்பதே அத்தெரிவாகும். குரலிசையைப் பொறுத்தவரை இவ்வினா எழுவதில்லை. தொண்டையின் தொழிலை எவரும் எழுதிக்காட்டுவதில்லை. ஆயின் தந்திக் கருவிகளில் ஒரே சுரம் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களிற் கிடைப்பதனால், ஒலியை எழுதினாற் கை மறைந்துபோகின்றது. கையை எழுதினால் ஒலி மறைந்துபோகின்றது. நான்கே தந்திகளையுடைய உக்குலேலே என்னும் சிறு கருவியில் இச்சிக்கல் மிகவும் துலக்கமாக வெளிப்படுவதனாலேயே அதனை இக்கட்டுரைக்குப் பொருளாகக் கொண்டோம்.

இக்கருவிக்கு இன்று வழங்கும் எழுத்துமுறைகள் பிரதானமாக மூன்று. ஐந்து கோடுகளின் மீதும் இடையிலும் சுரங்களைக் குறிக்கும் ஐங்கோட்டு முறை ஒன்று. தந்திகளைக் கோடுகளாக வரைந்து, விரல் பதியவேண்டிய இடத்தை எண்ணாற் காட்டும் தந்திக்கோட்டு முறை மற்றொன்று. வாசிப்போர் இதனைச் சுருக்கமாக ‘டாப்’ என்பர். பல சுரங்கள் ஒருங்கே ஒலிக்கும் சுரக்கூட்டுக்களை, கருவியின் கழுத்துப் பகுதியைப் போன்றதொரு கட்டத்தில் புள்ளிகளாற் காட்டும் விரற்படம் மூன்றாவது. இவற்றைப் பற்றிய விவாதங்களில் இரு குரல்கள் மீண்டும் மீண்டும் கேட்கின்றன. ஐங்கோட்டு முறையைக் கற்றோர் ஏனைய இரண்டையும் அரைகுறைக் கல்வியென ஒதுக்குகின்றனர். மற்றையோரோ ஐங்கோட்டு முறையை மேட்டுக்குடியினர் இசையைச் சுற்றியிட்ட வேலி எனச் சாடுகின்றனர். இவ்விரு கூற்றுக்களும் வரலாற்று நோக்கில் நிலைபெறத்தக்கன அல்ல. ஓர் எழுத்துமுறை எதனைச் சொல்கின்றது என்பதை மாத்திரமன்றி, எதனைச் சொல்லாது விடுகின்றது, அவ்வாறு விடப்பட்டதனை வாசிப்போர் எங்கிருந்து பெறவேண்டியவராகின்றனர் என்பதையும் கொண்டே அதன் தகுதியை அளவிடல் வேண்டும் என்பது எமது கருத்து.

கருவியின் இயல்பு

1879 ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில், போர்த்துக்கலுக்குரிய மடெய்ராத் தீவிலிருந்து கரும்புத் தோட்டங்களில் உழைப்பதற்கென ஒப்பந்தஞ் செய்யப்பட்ட மக்கள் ‘ரேவன்ஸ்கிராக்’ என்னும் கப்பலில் ஹொனலூலுவை வந்தடைந்தனர். அவர்களுள் மனுவேல் நூனிஸ், ஒகஸ்தோ டியாஸ், ஜோசே டோ எஸ்பிரிட்டோ சாந்தோ என்னும் மூவரும் அடங்குவர். தம் நாட்டுச் சிறு தந்திக் கருவிகளை அடியொற்றி இவர்கள் செய்த கருவியே ஹவாயில் உக்குலேலே எனப் பெயர் பெற்றது. அன்று ஆட்சியிலிருந்த கலாகாவா மன்னர் அதனை ஆதரித்தார். ஆக, உழைப்பாளரோடு கப்பலேறி வந்த ஒன்று மிகச் சில ஆண்டுகளுள் அரண்மனைக்கும் உரியதாயிற்று.

இன்று பெருவழக்கிலுள்ள சுருதியமைப்பில் நான்காந் தந்தி ‘ஜி’, மூன்றாந் தந்தி ‘சி’, இரண்டாந் தந்தி ‘ஈ’, முதற் தந்தி ‘ஏ’ எனச் சேர்க்கப்படும். இங்கு ஒரு சிறப்பினைக் கவனித்தல் வேண்டும். பெரும்பாலான தந்திக் கருவிகளில் ஓரத்திலிருந்து மற்றைய ஓரத்துக்குச் செல்லச் செல்லச் சுருதி ஒழுங்காக உயரும். உக்குலேலேயில் அவ்வாறன்று. நான்காந் தந்தியாகிய ‘ஜி’, தனக்கடுத்துள்ள ‘சி’ யினும் ‘ஈ’ யினும் உயர்ந்தது. முதற் தந்தியினும் ஒரு முழுச்சுரமே தாழ்ந்தது. கருவியின் மிகத் தாழ்ந்த ஒலி அதன் ஓரத்திலன்றி உள்ளே அமைந்திருக்கின்றது. மூன்று எழுத்துமுறைகளும் உரசிப் பார்க்கப்படவேண்டிய உரைகல் இதுவேயாகும்.

ஐங்கோட்டு முறை

ஐங்கோட்டு முறை ஒலியை எழுதுவது. எக்கருவியில், எவ்விரலால் என்பன அதற்குப் பொருட்டல்ல. நமது சங்கீத மாணவர் அறிந்த ஸ-ரி-க-ம எழுத்துமுறையில் ஸட்ஜம் பாடுவோரின் குரலுக்கேற்ப எங்கும் அமையலாம்; ஐங்கோட்டு முறையிலோ ஒவ்வொரு குறியும் திட்டமான ஒரு சுருதியைச் சுட்டி நிற்கும். சுரத்தின் நீளமும் அக்குறியின் உருவத்திலேயே அடங்கியிருக்கும்.

இம்முறையை வேலியென்று கூறுவோர் ஹவாயின் வரலாற்றிலுள்ள ஒரு நிகழ்ச்சியை நினைவிற் கொள்ளுதல் நன்று. கலாகாவாவின் பின் அரியணையேறிய அவருடைய சகோதரி லிலியுகலானி, பல பாடல்களை இயற்றியவர். 1893 இல் அமெரிக்க வணிக நலன்களைச் சார்ந்தோர் அவரை ஆட்சியிலிருந்து அகற்றினர். 1895 இல் அவர் தமது அரண்மனையின் அறை ஒன்றிலேயே சிறைவைக்கப்பட்டார். செய்தித்தாள்கள் அவருக்கு மறுக்கப்பட்டன. எழுதுதாளும் பென்சிலும் மறுக்கப்படவில்லை. தொடக்கத்தில் அவரிடம் இசைக்கருவி எதுவும் இருக்கவில்லை. தாமே ஐங்கோடுகளை வரைந்து, குரலை மாத்திரமே துணையாகக் கொண்டு சுரங்களை எழுதியதாக 1898 இல் வெளிவந்த தமது நூலில் அவர் குறிப்பிட்டுள்ளார். கருவி பறிக்கப்பட்ட இடத்திலும் இசையை எழுதுவதற்கு அவ்வெழுத்துமுறை இடமளித்தது. கையை எழுதும் எந்த முறையும் அவ்விடத்தில் அவருக்கு இத்துணை உதவியிருக்க முடியாது. ஆதிக்கஞ் செலுத்த வந்தோரின் பண்பாட்டோடு அந்நாட்டை அடைந்த எழுத்துமுறையே, ஆட்சியிழந்த அரசியின் கையில் அவருடைய சொந்தக் குரலைக் காத்துவைத்தது. ஓர் எழுத்துமுறை பிறந்த வர்க்கத்தை மாத்திரம் கொண்டு அதன் பயனைத் தீர்மானித்தல் எவ்வளவு பிழையானது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

எனினும் உக்குலேலே வாசிப்போரிடம் ஐங்கோட்டு முறை மறைத்துவிடுவதும் ஒன்றுண்டு. ‘ஜி’ என்னுஞ் சுரம் நான்காந் தந்தியை விரல் வைக்காது மீட்டும்போதும், இரண்டாந் தந்தியின் மூன்றாம் மெட்டிலும், மூன்றாந் தந்தியின் ஏழாம் மெட்டிலும் கிடைக்கும். (வீணையில் நாம் மெட்டு என வழங்கும் குறுக்குப் பட்டைகளையே ஈண்டும் அச்சொல்லாற் குறிக்கின்றோம்.) மூன்றும் சுருதியால் ஒன்றே, ஒலியின் தன்மையால் வேறு. ஐங்கோட்டில் மூன்றுக்கும் ஒரே குறிதான். வட்டமிட்ட எண்களைச் சேர்த்துத் தந்தியைச் சுட்டுதல் கிற்றார் நூல்களில் வழக்கிலுள்ளதே எனச் சிலர் கூறலாம். உண்மைதான். ஆனால் ஒலியை மாத்திரம் எழுதுதல் போதாது என்பதை அம்முறையே ஒப்புக்கொண்டதற்கு அவ்வெண்கள் சான்றாகின்றன.

தந்திக்கோட்டு முறை

தந்திக்கோட்டு முறை கல்லாதார் கண்டுபிடித்த குறுக்குவழி என்பது பரவலானதொரு தப்பெண்ணம். வெனிஸ் நகரில் பெற்றூச்சி 1507 இல் இம்முறையிலேயே ஸ்பினசீனோவின் லூட் இசையை அச்சிட்டார். 1536 இல் வலென்சியாவில் வெளிவந்த லூயிஸ் மிலானின் நூலும், 1546 இல் செவில்லில் வெளிவந்த அலொன்சோ முடார்ராவின் நூலும் கையையே எழுதின. அரசவைகளிலும் செல்வர் மாளிகைகளிலும் புழங்கிய இசை இது. எனவே ‘டாப்’ என்பதைப் பாமரரின் எழுத்தெனப் பழிப்போரும், பாமரரின் எழுத்தெனப் புகழ்வோரும் ஒரே தவற்றைச் செய்கின்றனர்.

முடார்ராவின் நூலில் நான்கு தந்தித் தொகுதிகளையுடைய அக்காலக் கிற்றாருக்கெனச் சில உருப்படிகள் உள்ளன. அக்கிற்றாரில் அடுத்தடுத்த தந்திகளுக்கிடையே வழக்கமாக அமைந்த சுர இடைவெளிகளும் இன்றைய உக்குலேலேயின் இடைவெளிகளும் ஒன்றே. அதனால் நானூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட அவ்வெண்களை இன்று உக்குலேலே வாசிப்போர் ஏறக்குறைய அவ்வாறே தம் கருவியில் எடுத்து வாசிக்க முடிகின்றது. இறந்துபோன ஒருவருடைய விரல்கள் எங்கெங்கு நின்றன என்பதை இத்துணை நெருக்கமாகக் காட்டவல்லது வேறொரு முறையன்று. கையை எழுதுவதன் பெருமை இதுவாகும்.

அதன் குறைகளும் அங்கிருந்தே தொடங்குகின்றன. முதலாவது, கண்ணை ஏமாற்றுவது. இக்கால வழக்கில் மேற்கோடு முதற் தந்தியையும் கீழ்க்கோடு நான்காந் தந்தியையும் குறிக்கும். (பழைய இத்தாலிய நூல்கள் பலவற்றில் இது தலைகீழாக இருந்தது.) கீழ்க்கோட்டில் இருப்பது தாழ்ந்த ஒலி எனக் கண் எதிர்பார்க்கின்றது, உக்குலேலேயிலோ அங்கே ஒலிப்பது உயர்ந்த ‘ஜி’. ‘சி’ யிலிருந்து ஏறும் ஆரோகணத்தை மூன்றாந் தந்தியில் 0, 2, இரண்டாந் தந்தியில் 0, 1, நான்காந் தந்தியில் 0, முதற் தந்தியில் 0, மீண்டும் நான்காந் தந்தியில் 4, இறுதியாக முதற் தந்தியில் 3 என வாசிக்கலாம். காதுக்கு இது படிப்படியாக ஏறும் எட்டுச் சுரங்கள். தந்திக்கோட்டில் இதனைக் காண்பவருக்கோ எண்கள் மேலுங் கீழுமாகத் தாவுவது போலத் தோன்றும். இசையின் வடிவம் தாளில் எங்கும் தென்படாது.

இரண்டாவது குறை தாளம் பற்றியது. பதினாறாம் நூற்றாண்டு நூல்களில் எண்களின் மேலே சுர நீளத்தைக் காட்டும் குறிகள் தவறாது இடப்பட்டிருந்தன. இன்று கைக்குக் கை மாறும் ‘டாப்’ தாள்கள் பலவற்றில் எண்கள் மாத்திரமே எஞ்சியுள்ளன. ஆகவே பாடலை முன்னரே காதாற் கேட்டவருக்கே அத்தாள் பயன்படும்; கேளாதவருக்கு அது வெறும் எண்களின் நிரலே. இது அம்முறையின் இயல்பான குறையன்று. அதனைக் கையாளும் எமது காலத்தின் அவசரம் உண்டாக்கிய குறை. மூன்றாவது குறை, அம்முறை கருவியோடு பிணைக்கப்பட்டிருப்பது. சுருதியமைப்பு மாறின் அத்தனை எண்களும் பொருளிழக்கும். அருகிலிருந்து பாடுபவருக்கோ குழல் ஊதுபவருக்கோ அத்தாளால் நேரடிப் பயன் எதுவுமில்லை.

விரற்படம்

மூன்றாவதாகிய விரற்படமே இன்று மிகப் பரவலானது. சொற்களின் மேலே ஒரு பெயரும் ஒரு சிறு கட்டமும் இருந்தாற் போதும். அன்றே ஒரு பாடலைப் பாடிவிடலாம். இதற்கும் நெடிய முன்வரலாறு உண்டு. 1606 இல் புளோரன்ஸ் நகரில் மொன்டெசார்டோ வெளியிட்ட நூல், கிற்றாரின் சுரக்கூட்டு ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்தை வழங்கியது. அவ்வெழுத்து சுரத்தின் பெயரன்று. கையின் உருவத்துக்கு இட்ட பெயர். அம்முறையில் ‘ஏ’ என்னும் எழுத்து ‘ஜி மேஜர்’ சுரக்கூட்டைக் குறித்தது. அதன் பின் அச்சான இத்தாலியப் பாடல் நூல்கள் பலவற்றிற் சொற்களின் மேலே இவ்வெழுத்துக்கள் வரிசையாக நின்றன.

உக்குலேலேயைப் பொறுத்தவரை இம்முறையின் பெருக்கம் சந்தையோடு தொடர்புடையது. 1915 இல் சான் பிரான்சிஸ்கோவில் நடைபெற்ற பனாமா-பசிபிக் பொருட்காட்சியின் பின் அமெரிக்காவில் இக்கருவிக்குப் பெரு மோகம் எழுந்தது. 1920 களின் பாடற் பிரசுரங்களில் உக்குலேலே விரற்படங்களை அச்சிடுமாறு பதிப்பாளரை இணங்கவைத்தவர்களுள் மே சிங்கி பிறீன் என்னும் பெண்மணி முதன்மையானவர். இசைக்கலைஞர் தொழிற்சங்கம் உக்குலேலேயை ஓர் இசைக்கருவியாக ஏற்க மறுத்தபோது அதற்கெதிராக வாதாடியவரும் அவரே. அவர் காலத்துப் பிரசுரம் ஒன்றைக் கூர்ந்து நோக்கின் ஒரு வேற்றுமை புலப்படும். பாடுவோருக்கும் பியானோ வாசிப்போருக்கும் ஐங்கோடுகள். உக்குலேலே வாசிப்போருக்கு அவற்றின் மேலே சிறு படங்கள். ஒரே பக்கத்தில் இரு சாராரை வாசிக்கத் தெரிந்தோராகவும் மற்றையோரைப் பார்க்கத் தெரிந்தோராகவும் அது நடத்துகின்றது. கருவியின் தகுதிக்காகப் போராடியவரின் முயற்சியே இவ்வேற்றுமைக்கும் துணைபோயிற்று என்பது கவனிக்கத்தக்க முரண்பாடு. ஆயினும் பியானோ வாங்க வகையற்ற எத்தனையோ வீடுகளுக்குள் இசை நுழைந்தது அச்சிறு படங்களின் வழியாகவே என்பதையும் மறத்தலாகாது.

விரற்படம் சொல்லாது விடுவன பல. பாடலின் இன்னிசை அதில் இல்லை, தாளம் இல்லை, மீட்டுங் கை எப்போது கீழே செல்லவேண்டும், எப்போது மேலே வரவேண்டும் என்பது பெரும்பாலும் இல்லை. சுரக்கூட்டின் பொருளும் அதில் இல்லை. எத்தந்தியிலும் விரல் வையாது நான்கையும் மீட்டினாற் கிடைப்பதை ஒரு பாடலில் ‘சி ஆறு’ என்பர். வேறொரு பாடலில் ‘ஏ மைனர் ஏழு’ என்பர். படம் ஒன்றே. இரு பெயர்களுக்குங் காரணம் அச்சுரக்கூட்டு எங்கிருந்து வந்து எங்கே செல்கின்றது என்பதிலுள்ளது. அதனை எந்தக் கட்டமும் காட்டாது. சுருதியமைப்பு மாறும்போது இச்சிக்கல் மேலும் வலுக்கின்றது. முதற் தந்தியின் மூன்றாம் மெட்டில் மாத்திரம் விரலை வைக்கும் உருவம் இன்றைய அமைப்பில் ‘சி மேஜர்’. 1920 களில் அமெரிக்காவிற் பெரிதும் வழங்கிய, ஒரு முழுச்சுரம் உயர்ந்த அமைப்பில் அதே உருவம் ‘டி மேஜர்’. பரிட்டோன் உக்குலேலேயில் அதுவே ‘ஜி மேஜர்’. உருவத்தை மாத்திரம் மனனஞ் செய்தவருக்கு ஒவ்வொன்றும் புதிய பாடம். இடைவெளிகளை அறிந்தவருக்கு மூன்றும் ஒரே பாடம்.

இதன் விளைவை வெளிப்படையாகக் கூறின், விரற்படத்தை மாத்திரம் அறிந்தவர் இன்றைய பாடலைப் பெற்றுக்கொள்கின்றார். நாளைய பாடலுக்கு இன்னொரு தாளுக்காகக் காத்திருக்கின்றார். தாமே ஒன்றை ஆக்கவோ, தாம் ஆக்கியதைப் பிறருக்கு எழுதிக்கொடுக்கவோ அவரிடம் வழியில்லை. அவர் இசையின் நுகர்வோராக இருக்கின்றாரேயன்றி அதன் ஆக்கத்திற் பங்காளியாகவில்லை.

கல்வியின் பிரச்சினை

இந்நிலை தவிர்க்கமுடியாதது அன்று என்பதை கனடாவின் அனுபவம் காட்டுகின்றது. 1967 தொடக்கம் ஹலிபாக்ஸ் நகரப் பாடசாலைகளில் ஜே. சாமர்ஸ் டோன் என்னும் ஆசிரியர் உக்குலேலேயை வகுப்பறைக் கருவியாகப் புகுத்தினார். எளிதாகப் பாடலுக்குத் துணைசெய்யும் கருவி என்பதோடு அவர் நின்றுவிடவில்லை. அதனைக் கொண்டே ஐங்கோட்டு முறையை வாசிக்கவும், செவிப்புலனைக் கூர்மையாக்கவும், இன்னிசையைத் தனித்து மீட்டவும் சிறுவரைப் பயிற்றினார். அவர் வகுத்த வழி கனடாவின் பிற மாகாணங்களுக்கும் பரவிற்று. வசதி படைத்தோரின் பிள்ளைகளுக்கே உரியதெனக் கருதப்பட்ட எழுத்தறிவு, விலை குறைந்த நான்கு தந்திக் கருவியின் மூலம் பொதுப் பாடசாலை மாணவர்க்கும் கிட்டியது. வேலியென்று சொல்லப்பட்டது எழுத்துமுறையிலன்று, அதனை யாருக்குக் கற்பிப்பது என்ற தீர்மானத்திலேயே இருந்தது என்பதை இது தெளிவாக்குகின்றது.

அதேவேளை ஐங்கோட்டு முறையோடு கல்வி முற்றுப்பெற்றுவிடும் எனக் கொள்வதும் பொருந்தாது. இதற்கு ஜோன் கிங் என்னுங் கலைஞரின் பணி தக்க உதாரணம். பாக் வயலினுக்கென இயற்றிய பார்ட்டீற்றா ஒன்றினை அவர் தனி உக்குலேலேக்கு அமைத்து 1998 இல் வெளியிட்டார். அடுத்தடுத்த சுரங்களை வெவ்வேறு தந்திகளில் மீட்டி, ஒன்று ஒலித்து ஓயுமுன் மற்றொன்று அதன்மேற் படியுமாறு செய்வது அவர் கையாண்ட உத்தி. 1674 இல் ஸ்பானிய கிற்றாருக்கு நூலெழுதிய காஸ்பார் சான்ஸ் இவ்வுத்திக்குச் சிறுமணிகள் எனப் பொருள்படும் பெயரை வழங்கினார். மேலே நாம் எடுத்துக்காட்டிய ஆரோகணமும் அவ்வகையினதே. உயர்ந்த நான்காந் தந்தி ஒரு குறைபாடாகத் தோன்றினும், இவ்வுத்திக்கு அதுவே அடிப்படையாகும்.

கிங்கின் பணியை எழுத்துமுறைகளின் நோக்கில் ஆராய்ந்தால் எமது வாதம் முழுமை பெறும். 1720 ஆம் ஆண்டுக் கைப்படியில் பாக் ஒலியை எழுதிவைத்தமையாலேயே, அவர் கண்டிராத கருவியொன்றுக்கு அவ்விசை வந்து சேர முடிந்தது. வயலினின் விரல் நிலைகளை மாத்திரம் அவர் எழுதியிருந்தால் அப்பயணம் மிகவும் அரிதாகியிருக்கும். ஆனால் எந்தச் சுரத்தை எந்தத் தந்தியில் மீட்டினால் அம்மணியோசை பிறக்கும் என்னும் கிங்கின் கண்டுபிடிப்பைப் பிறருக்கு உணர்த்த ஐங்கோடு தனித்துப் போதாது. கையையும் எழுதியாக வேண்டும். ஒரே உருப்படியின் வரலாற்றில் ஓர் எழுத்துமுறை இசையைக் கருவியிலிருந்து விடுவிக்கின்றது; மற்றையது அதனைப் புதிய கருவியில் நிலைபெறச் செய்கின்றது. இவற்றுள் எதனை அரைகுறை என்பது?

முடிவாக

ஐங்கோட்டையும் அதன் கீழே தந்திக்கோட்டையும் ஒருங்கே அச்சிடும் வழக்கம் இன்று நூல்களில் மிகுந்து காணப்படுகின்றது. இது வரவேற்கத்தக்கதே. ஆயினும் இரண்டையும் அச்சிட்டுவிட்டமையால் இரண்டும் வாசிக்கப்படும் என எண்ணிவிடலாகாது. கண் எப்போதும் எளிதானதையே நாடும். கீழேயுள்ள எண்களைப் பின்பற்றி மேலேயுள்ள கோடுகளை அலங்காரமாக விட்டுவிடுவோரே பலர். அவர்களுக்கு மேற்கோடுகளை வாசிக்க ஆசிரியர் கற்பிக்க வேண்டும். மேற்கோடுகளை மாத்திரம் வாசிப்போர்க்கு, ‘இதே சுரத்தை வேறெங்கு மீட்டலாம்?’ என்னும் வினாவை எழுப்ப வேண்டும். விரற்படத்தோடு நின்றோர்க்கு, அப்படத்திலுள்ள நான்கு சுரங்களின் பெயர்களையும் சொல்லிப் பார்க்கப் பழக்க வேண்டும்.

கற்பிப்போர் எளிமையின் பெயரால் ஒரு முறையை மாத்திரம் வழங்கி, ஏனையவை உமக்கு வேண்டியதில்லை எனக் கூறுவார்களாயின், அது கருணை போலத் தோன்றினும் உண்மையில் ஒரு மறுப்பேயாகும். உக்குலேலே எளிதான கருவி என்பதனால் அதனை வாசிப்போர்க்கு எளிதான அறிவே போதும் என்று கருத எவருக்கும் உரிமையில்லை. சிறையறையில் தாமே கோடுகளை வரைந்துகொண்ட லிலியுகலானிக்கு எழுத்து எத்துணை தேவைப்பட்டதோ, விலை குறைந்த கருவியொன்றை முதன்முதலாகக் கையில் எடுக்கும் மாணவருக்கும் அது அத்துணை தேவைப்படலாம்.